தூளும் மணியும் கையாளும் ஆலைகளின் நிர்வாகத்தினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆலை நிர்வாகிகளுக்கும் வடிவமைப்புப் பிரிவுத் தலைவர்களுக்கும்,

வணக்கம்.

சைலோவில் (உயரமான சேமிப்புக் கொள்கலனில்) அடைப்பு, கலவை டிரம்மில் பெரிய துகள்களும் சிறியவையும் பிரிந்து ஒதுங்குதல், கன்வேயர் சரிவில் ஒரே இடம் மட்டும் தேய்ந்துபோதல் போன்ற சிக்கல்களை, இயந்திரத்தைக் கட்டுவதற்கு முன்பே கணினியில் கண்டறிய, நிரலை எவரும் பார்த்து மாற்றக்கூடிய திறந்த மூல மென்பொருள்களை நாடும் தங்கள் முடிவை மனமார வரவேற்கிறேன். உரிமக் கட்டணத்தில் மிச்சமாகும் தொகையில் ஒரு பகுதியையேனும் பொருளின் பண்புகளை அளப்பதற்குச் செலவிட வேண்டும் என்று கேட்டுக்கொள்ளவே இம்மடலை எழுதுகிறேன்.

பீட்டர் கண்டல், ஓட்டோ ஸ்ட்ராக் ஆகிய இருவரும் 1979-இல் விரிவாக வெளியிட்ட தனித்துகள் முறையே லாம்ப்ஸின் சிறுமணித் தொகுதி, யாடே, மெர்குரி டிபிஎம் ஆகிய திறந்த மூல மென்பொருள்களுக்கு அடிப்படை. ஒவ்வொரு துகளும் எதைத் தொடுகிறது, தொடும் இடத்தில் எவ்வளவு விசை எழுகிறது என்று கணக்கிட்டு, நியூட்டனின் விதிப்படி அதை மிகச் சிறிதளவு நகர்த்தி, மீண்டும் அதே கணக்கைத் தொடங்குவதே அதன் செயல்முறை. நிரலைத் திறந்து விசைச் சூத்திரத்தை வரிவரியாகச் சரிபார்க்க முடிவது பெரும்பேறு. ஆனால் அச்சூத்திரத்துக்குள் இட வேண்டிய உராய்வுக் கெழுவையும் (உராய்வின் அளவு) மீட்சிக் கெழுவையும் (மோதியபின் எவ்வளவு துள்ளும் என்பதன் அளவு) எந்த நிரலும் தானாக அறிந்து தராது.

வழக்கமாக என்ன நடக்கிறது? பொருளைத் தரையில் கொட்டி, குவியலின் சரிவுக் கோணத்தை அளந்து, கணினிக் குவியலும் அதே கோணத்தைக் காட்டும்வரை எண்களை மாற்றுகிறார்கள். வழுக்கு உராய்வைக் கூட்டி உருளல் உராய்வைக் குறைத்தாலும், அதைக் குறைத்து இதைக் கூட்டினாலும் ஒரே கோணம் கிடைக்கக்கூடும் என்பதால், குவியலில் ஒன்றுபோலத் தோன்றும் இரண்டு எண் தொகுதிகள் ஹாப்பரின் (கீழ்நோக்கிக் குறுகும் கொள்கலனின்) வாயிலில் முற்றிலும் வேறுபட்ட ஓட்டத்தைக் காட்டலாம். ஆகவே குவியல் சோதனை ஒன்றை மட்டும் நம்புவதை ஏற்க இயலாது. வெட்டுப் பெட்டிச் சோதனை (பெட்டியிலிட்ட பொருளின் மேல்பாதியைக் கீழ்ப்பாதியின்மீது நகர்த்தி எதிர்ப்பை அளப்பது), சிறு ஹாப்பரிலிருந்து பொருள் வெளியேறும் வேகம், ஆலையில் பயன்படும் அதே உலோகத் தகட்டின்மீது உராய்வு என ஒன்றுக்கொன்று சாராத சோதனைகளாவது இரண்டு மூன்று வேண்டும். அவற்றையும் ஆலையில் பொருள் உண்மையில் கொண்டிருக்கும் ஈரப்பதத்திலேயே செய்ய வேண்டும், ஏனெனில் சிறிதளவு நீர்கூடத் துகள்களை ஒட்டவைத்து ஓட்டத்தையே மாற்றிவிடும்.

ஒரு மில்லிமீட்டர் விட்டமுள்ள மணிகள் ஒரு கன மீட்டரில் ஏறத்தாழ 100 கோடி அடங்கும். அத்தனையையும் கணக்கிடுவது கடினம் என்பதால் பொறியாளர்கள் துகளைப் பெரிதாக்குகிறார்கள். ஒரு கணக்கீட்டுக்கும் அடுத்ததற்கும் இடையிலான நேரமான கால அடியை நீட்டுவதற்காகத் துகளின் விறைப்பையும் குறைக்கிறார்கள். ஓட்டத்தை மட்டும் ஆராயும்போது இது பெரும்பாலும் பொறுத்துக்கொள்ளத்தக்கதே. மோதலின்போது எழும் தகைவையோ (ஓரலகு பரப்பில் எழும் விசை), தொடுபரப்பின் வழியே கடத்தப்படும் வெப்பத்தையோ அறிய வேண்டுமெனில் அந்தச் சலுகை தவறான விடையைத் தரும். எவையெவை மாற்றப்பட்டன என்பதை அறிக்கையின் முதல் பக்கத்திலேயே எழுதச் சொல்லுங்கள்.

உரிமம் குறித்தும் ஒரு சொல். லாம்ப்ஸும் யாடேவும் ஜிபிஎல் என்னும் திறந்த மூல உரிமத்தில் வருவதால் ஆலையின் இரகசியம் வெளியாகிவிடும் என்று சட்டப் பிரிவினர் தயங்குவதுண்டு. மாற்றிய நிரலைப் பிறருக்கு வழங்கும்போதுதான் அதன் மூலத்தையும் தரும் கடமை எழுகிறது. ஆலைக்குள்ளேயே பயன்படுத்தும்வரை அக்கடமை இல்லை. தங்கள் இயந்திர வடிவமைப்பும் பொருளின் கலவையும் தங்களிடமே இருக்கும்.

ஆயினும் வணிக இரகசியம் ஏதுமற்ற பொதுவான பொருள்களுக்கேனும், அளந்தறிந்த எண்களையும், சோதனை நடந்த ஈரப்பதத்தையும், உள்ளீட்டுக் கோப்புகளையும் வெளியிடுங்கள். பலரின் உழைப்பில் உருவான நிரலைப் பெற்றுக்கொள்ளும் நாம் திருப்பித் தரக்கூடியவற்றுள் இதைவிடப் பயனுள்ளது வேறில்லை என்று கருதுகிறேன். அடுத்த திட்டத்தின் வரவுசெலவுப் பட்டியலில் அளவீட்டுக்கென ஒரு தனி வரியைச் சேர்க்குமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
துகள் ஓட்டக் கணிப்பில் பணிபுரியும் ஒரு பொறியாளர்