திடல் லைட்டு விஷயமா எங்க ஊர் மன்றத்துக்கு ஒரு திறந்த மடல்

மன்றத் தலைவர் அவர்களுக்கும், எங்க வட்டார கவுன்சிலருக்கும், தோட்ட நிர்வாகத்துக்கும் வணக்கம்.

நான் இப்போ டவுன்ல தாமான் வீட்டுல, அதாவது வீடமைப்புக் குடியிருப்புல இருக்கேன், ஆனா பொறந்து வளந்தது அந்தத் தோட்டத்து லயத்துலதான். பழைய ரப்பர் ஸ்டோருக்குப் பின்னாடி உள்ள திடல்ல ஆறு கம்பம் நட்டு வெள்ளை எல்.இ.டி ஸ்பாட் லைட் போடப் போறதா நோட்டீஸ் ஒட்டியிருக்கீங்க, ரெண்டு கம்பம் நட்டு எரிய வெச்சும் பார்த்துட்டீங்க. லைட்டே வேணாம்னு சொல்ல நான் எழுதல. அங்க மோட்டார் சைக்கிள் காணாமப் போகுது, காட்டுப்பன்னி வருது, சாயந்திரம் பந்து விளையாடற பசங்களுக்கு வெளிச்சம் வேணும், எல்லாம் தெரியும். எந்த மாதிரி லைட்டு, எத்தன மணி வரைக்கும், அதுதான் என் பேச்சு.

மூணு வருஷமா நாங்க நாலஞ்சு குடும்பம் அமாவாசைக்குப் பக்கத்துல வர்ற சனிக்கிழமை ராத்திரி அந்தத் திடலுக்குத்தான் போறோம். காவலுக்கு இருக்கற ஜாகாகிட்ட சொல்லி கேட்டுல பேர் எழுதிட்டு, பாய், கொசுவத்தி, தெர்மஸ்ல மைலோ, சிவப்பு கண்ணாடித்தாள் ஒட்டின டார்ச்லைட்டு, ஒரு பழைய பைனாகுலர், அவ்ளோதான் சாமான். தாமான்ல வாசல்ல நின்னு பார்த்தா நட்சத்திரத்த விரல் விட்டு எண்ணிடலாம், திடல்ல படுத்துப் பார்த்தா எண்ண முடியாது.

முதல் தடவ கிளம்பறப்ப எங்கம்மா திட்டினாங்க, அமாவாசையும் அதுவுமா புள்ளைங்கள காட்டுப்பக்கம் கூட்டிட்டுப் போறியான்னு. அப்புறம் ஒரு ஜனவரி மாசம் அவங்களே வரேன்னு காடியில, அதான் கார்ல, ஏறிட்டாங்க. முப்பது வருஷம் பால் மரம் வெட்டினவங்க, அதாவது ரப்பர் மரப் பட்டைய சீவி பால் எடுத்தவங்க. ஒம்பது மணி இருக்கும், பாயில உட்கார்ந்து நிமிந்து பார்த்துட்டு தலைக்கு மேல கொத்தா இருந்தத காட்டி, இது கார்த்திகைடா, செப்டம்பர் மாசம் விடியறதுக்கு முன்னாடி பேர் கூப்பிடற பெரட்டுக்குப் போறப்ப இது உச்சந்தலைக்கு மேல நிக்கும், அதப் பார்த்தாலே வயித்தக் கலக்கும், அடுத்து மழை மாசம், மழை பெஞ்சா மரம் வெட்ட முடியாது, சம்பளம் கிடையாதுன்னாங்க. இத்தன வருஷத்துல எங்ககிட்ட அவங்க இதச் சொன்னதே இல்ல. வீட்டுக்கூரைக்குக் கீழ உட்கார்ந்திருந்தா சொல்லியிருக்கவும் மாட்டாங்க.

நம்ம ஊரு இருக்கற இடமும் அப்படி. பூமத்திய ரேகைக்குப் பக்கம். மே மாசம் ராத்திரி பத்து மணிக்கு வடக்க பார்த்தா சப்தரிஷி மண்டலம், அப்படியே முதுகத் திருப்பினா தெக்க சிலுவை மாதிரி நாலு நட்சத்திரம், தென்சிலுவை. லண்டன்ல இருக்கறவன் தென்சிலுவையப் பார்க்கவே முடியாது, மெல்பர்ன்ல இருக்கறவனுக்கு சப்தரிஷி முழுசா எழும்பாது. நமக்கு ஒரே திடல்ல ரெண்டும். எங்க கல்யாணத்துல ஐயர் பகல்ல மண்டபத்துக் கூரையக் காட்டி அருந்ததி பாருங்கன்னார், நாங்களும் தலையாட்டினோம். கல்யாணமாகி பதினோரு வருஷம் கழிச்சு, வசிஷ்டர் பக்கத்துல ஒட்டிக்கிட்டு மின்னுற அந்தச் சின்னப் புள்ளிய நானும் என் வீட்டுக்காரியும் நிஜமாவே பார்த்தது அந்தப் புல்லுல நின்னுதான்.

போன மாசம் விருச்சிகம் பார்க்கப் போனோம். என் மகளோட நட்சத்திரம் கேட்டை, அத சிவப்பா காட்டறேன்னு ஒரு வாரமா சொல்லி வெச்சிருந்தேன். உங்க ரெண்டு லைட்டும் எரிஞ்சுக்கிட்டு இருந்துச்சு. கேட்டை தெரிஞ்சுது, தேள் கொடுக்குல மூலம் கஷ்டப்பட்டுத் தெரிஞ்சுது, அதுக்குப் பின்னாடி புகை மாதிரி ஓடற பால்வீதி சுத்தமா இல்ல. சிங்கப்பூர்லேருந்து என் தங்கச்சி புள்ளைங்க வந்திருந்தாங்க, அதுக்காகவே வந்தாங்க. 2016ல வந்த உலக ஒளி வரைபடத்துல வெளிச்சத்தால வானம் ரொம்ப கெட்டுப்போன நாடுன்னு சிங்கப்பூரத்தான் போட்டிருந்தாங்க, உலக ஜனத்துல மூணுல ஒரு பங்குக்கு மேல பால்வீதியே தெரியாதுன்னும் அதுலதான் இருக்கு. அந்தப் புள்ளைங்க மாமா எங்க மாமா எங்கன்னு கேட்டுக்கிட்டே இருந்துச்சுங்க, நான் என்னத்த காட்டறது?

கண்ணு இருட்டுக்குப் பழக இருபது முப்பது நிமிஷம் ஆகும், நடுவுல ஒரு தடவ அந்த வெள்ளை லைட்டப் பார்த்தா திரும்பவும் முதல்லேருந்து. வெள்ளை எல்.இ.டியில நீல ஒளி அதிகம், நீலம்தான் காத்துல ஜாஸ்தி சிதறும், பகல்ல வானம் நீலமா இருக்கறதும் அதனாலதான். திடலுக்குப் போடற லைட்டு மேகத்துக்கும் மேல போற மாதிரி சாய்ச்சு வெச்சா திடலுக்கும் பிரயோசனம் இல்ல, கண்ணு கூசி செம்பனை மரத்தடி நிழல்ல யாராச்சும் நின்னாக்கூட தெரியாது, திருட்டுக்குப் பயந்து போட்ட லைட்டு திருடனுக்கே மறைவு குடுக்கும்.

அதனால கேக்கறேன். லைட்டுக்கு மேல மூடி போட்டு வெளிச்சம் தரையில மட்டும் விழற மாதிரி வைங்க. வெள்ளைக்குப் பதிலா 3000 கெல்வினுக்கு (வெளிச்சத்தோட நிறத்தச் சொல்ற அளவு) மேல போகாத மஞ்சள் ரகம் போடுங்க. பதினொன்னு மணிக்கு மேல டைமர் வெச்சு அணைச்சிடுங்க, ஸ்டோர் வாசல்ல மட்டும் ஆள் வந்தா எரியற சென்சார் லைட்டு போதும். அமாவாசை சனிக்கிழமை மட்டும் எட்டு மணிக்கே அணைக்க முடிஞ்சா இன்னும் நல்லது, அன்னிக்கு ஜாகா கூட நாங்க இருபது பேர் அங்கதான் இருப்போம். இது நடக்காத காரியம் இல்ல. அமெரிக்காவுல பிளாக்ஸ்டாப்னு ஒரு ஊர்ல 1958லயே வானத்துக்கு அடிக்கற சர்ச் லைட்டுக்குத் தடை போட்டாங்க, 2001ல உலகத்துல முதல் இருள் வான நகரம்னு அந்த ஊருக்குத்தான் பேர் கிடைச்சுது, அங்கயும் கடை இருக்கு, ரோடு இருக்கு, ஜனங்க ராத்திரி நடமாடறாங்க.

தள்ளிப்போடற விஷயமும் இல்ல இது. 2011லேருந்து 2022 வரைக்கும் பல நாட்டு சாதாரண ஜனங்க வானத்தப் பார்த்துக் குடுத்த கணக்க வெச்சு 2023ல ஒரு ஆய்வு வந்துச்சு, வானத்து வெளிச்சம் வருஷத்துக்குப் பத்து சதவீதம் போல ஏறுதாம். 250 நட்சத்திரம் தெரியற ஊர்ல பொறக்கற புள்ளைக்கு 18 வயசுல 100தான் தெரியும்னு அதுல சொல்றாங்க. என் சின்னவனுக்கு இப்போ நாலு வயசு.

மிச்ச நாலு கம்பம் நடறதுக்கு முன்னாடி ஒரு தடவ வாங்க. அடுத்த அமாவாசை சனிக்கிழமை, எட்டு மணிக்குள்ள, அந்த ரெண்டு லைட்டையும் அன்னிக்கு மட்டும் அணைக்கச் சொல்லிட்டு வாங்க. கேட்டுகிட்டயே காடி லைட்ட அணைச்சிட்டு நடந்து வந்தா போதும், பாதை சமமாத்தான் இருக்கும். பாய் நாங்க கொண்டு வர்றோம். எங்கம்மாவும் வருவாங்க.