பயிற்சிக் கூடையின் ஐந்து சங்கிலிகளை மாற்றித் தரக் கோரும் நான்காவது மனு

பெறுநர்: பூங்காப் பராமரிப்பு அலுவலர் அவர்கள்

பொருள்: டிஸ்க் கோல்ஃப் கூடையில் அறுந்த சங்கிலிகளை மாற்றக் கோருதல் தொடர்பாக

பார்வை: இதே பொருளில் நான் ஏற்கெனவே கொடுத்த மூன்று மனுக்கள்

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். வடக்கு வாசலில் நுழைந்து குட்டையை ஒட்டி நடந்தால், இரண்டு மரங்களுக்கு நடுவே நிற்கும் சங்கிலிக் கூடையைத் தாங்கள் அறிவீர்கள். டிஸ்க் எனும் வட்டத் தட்டை வீசிச் சங்கிலிக் கூடையில் விழ வைக்கும் ஆட்டம்தான் டிஸ்க் கோல்ஃப். அதன் பயிற்சிக்கு எங்களுக்கு இருப்பது அந்தக் கூடை ஒன்றுதான். முதல் மனுவில் "டிரைவர் இரண்டு குட்டையில் விழுந்துவிட்டன" என்று எழுதியிருந்தேன். அந்த மனு வாகனப் பிரிவுக்குப் போய்விட்டதாகப் பிறகு கேள்விப்பட்டேன். டிரைவர் என்பது தூரத்துக்கு வீசுகிற, விளிம்பு மெலிந்த டிஸ்க். ஆகவே இம்முறை விளக்கமாகவே எழுதுகிறேன்.

1. நான் போட்டிகளில் ஆடுபவன். தினமும் காலையில் கூடை முன்னால் 100 எறி: 5 மீட்டரிலிருந்து 30, 7 மீட்டரிலிருந்து 30, 10 மீட்டரிலிருந்து 40. அதற்கென்றே பத்து பட்டர், அதாவது கூடைக்கு அருகிலிருந்து எறியும் டிஸ்க், வைத்திருக்கிறேன். எல்லாம் ஒரே அச்சு, ஒரே எடை, 174 கிராம். வாரத்தில் இரண்டு மாலை வெட்டவெளியில் தூர வீச்சு. பிடிஜிஏ என்ற டிஸ்க் கோல்ஃப் சங்கம் ஆட்டக்காரர்களுக்குத் தரும் தரப்புள்ளியில் இப்போது 900ஐ ஒட்டி நிற்கிறேன். இந்தப் பருவம் முடிவதற்குள் 940ஐத் தொட வேண்டும்.

2. விதிப்படி, கூடையிலிருந்து 10 மீட்டருக்குள் நின்று எறிபவர் குதிக்கக் கூடாது. எறிந்த பின் நிலையாக நின்று காட்டிவிட்டுத்தான் முன்னே கால் வைக்க வேண்டும். என் ஆட்டம் கெடுவதும் தேறுவதும் இந்த வட்டத்துக்குள்தான். அதனால்தான் கூடை, கூடை என்று தங்களை நச்சரிக்கிறேன்.

3. இனி சங்கிலிக்கு வருகிறேன். வெளிவட்டத்தில் 12 சங்கிலிகளில் 5 இல்லை. சிறுவர்கள் ஊஞ்சலாகத் தொங்கித் தொங்கி அறுந்தவை. ஐந்தும் அடுத்தடுத்து, புல்வெளியிலிருந்து பார்த்தால் இடப்பக்கம். மற்ற பக்கங்களில் குட்டையும் நடைபாதையும் புதரும் இருப்பதால் புல்வெளியிலிருந்து மட்டும்தான் எறிய முடியும். வலது கைக்காரர் பின்கையாக, அதாவது கையை மார்புக்குக் குறுக்கே கொண்டுபோய், எறியும் டிஸ்க், வேகம் குறையும்போது இடப்பக்கமாகச் சரியும். சரிந்து எங்கே போகிறது? நேராக அந்த ஓட்டைக்குள். உள்ளே புகுந்து, மறுபக்கம் வெளியேறி, உருண்டு குட்டைக்கு. யாரோ நல்ல மனசோடு அங்கே ஒரு கம்பியைக் கட்டிவைத்தார். அது என் மூன்று பட்டர்களின் விளிம்பைக் கீறிவிட்டது.

இதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது இன்னொன்று. நான்கு மாதமாக இந்தக் கூடையில் எறிந்ததில், என்னை அறியாமலே என் கை கம்பத்துக்கு வலப்பக்கம் குறிவைக்கப் பழகிவிட்டது. கடந்த போட்டியில் முழுச் சங்கிலியும் உள்ள கூடை. 7 மீட்டர், காற்றே இல்லை. டிஸ்க் கூடைக்கு வலப்பக்கம், எதையும் தொடாமல் பறந்து போனது. ஒரு முறை அல்ல, அந்தச் சுற்றில் நான்கு முறை. வீட்டுக்கு வந்து யோசித்த பிறகுதான் புரிந்தது. தினமும் 100 முறை தவறாக எறிய நானே என்னைப் பழக்கிக்கொண்டிருக்கிறேன். பயிற்சியை நிறுத்தினால் கை மறக்கும், தொடர்ந்தால் கை கெடும். நான் என்னதான் செய்வது? அந்த ஐந்து சங்கிலிகளை மாற்றித் தாருங்கள்.

4. புல்லும் முழங்கால் உயரம் வளர்ந்திருக்கிறது. அது கிடக்கட்டும்.

5. இரண்டாவது மனுவுக்குப் பிறகு ஓர் ஊழியர் வந்தார். மகிழ்ந்துபோனேன். கம்பத்துக்குப் பச்சை வண்ணம் அடித்தார். சங்கிலி இல்லாத கொக்கிகளுக்கும் விடாமல் அடித்துவிட்டுப் போய்விட்டார். ஐயா, இந்த ஆட்டத்தின் ஆரம்பத்தில் மரத்தையும் கம்பத்தையும் குறிவைத்து எறிந்துவிட்டு, பட்டதா படவில்லையா என்று சண்டை போட்டார்கள். அந்தச் சண்டை தீரத்தான் 1970களில் அமெரிக்கரான எட் ஹெட்ரிக் சங்கிலிக் கூடையை உருவாக்கினார். சங்கிலிதான் டிஸ்க்கின் வேகத்தைக் கொன்று, கீழே உள்ள கூடைத் தட்டில் விழ வைக்கும். அது போனால் மிச்சம் வெறும் கம்பம்தான், வண்ணம் அடித்திருந்தாலும். நான் 18 கூடை கேட்டேனா? புது மைதானம் கேட்டேனா? ஐந்து சங்கிலி ஐயா, ஐந்தே ஐந்து!

6. சங்கிலி வாங்க வழியில்லை என்றால் அதையாவது எழுத்தில் சொல்லுங்கள். நாங்களே வாங்கி மாட்டிக்கொள்கிறோம். "பூங்காப் பொருட்களைத் தொடாதீர்" என்ற பலகை கூடைக்குப் பக்கத்திலேயே இருப்பதால் தங்கள் அனுமதி இல்லாமல் கைவைக்க முடியவில்லை.

கடுமையாக ஏதும் எழுதியிருந்தால் மன்னிக்கவும். சங்கிலிகளை மாற்றித் தருமாறு, அல்லது மாற்ற அனுமதி தருமாறு மீண்டும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். தினமும் காலை 6 முதல் 7 வரை கூடையருகில்தான் இருப்பேன். ஆள் அனுப்பினால் எந்தக் கொக்கி என்று நானே காட்டுகிறேன். வண்ணம் வேண்டாம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மனுதாரர்

இணைப்பு: கூடையின் படங்கள் 4, முந்தைய மனுக்களின் நகல்கள் 3