இல்லம் வேண்டாம், பிள்ளை

அன்பு மகளுக்கு,

அப்பாவும் நானும் நல்ல சுகம். நீயும் மருமகனும் பேரப்பிள்ளைகளும் அங்கே சுகமாய் இருப்பீர்கள் என்று நம்புகிறோம். ஃபோனில் பேசினால் நீ இடையில் மறித்துக் கேள்வி கேட்பாய், நானும் சொல்ல வந்ததில் பாதியை விட்டுவிடுவேன். அதுதான் எழுதுகிறேன்.

லண்டனில் ஒருவர் பெரிய தொகை தர முன்வந்திருக்கிறார், கிளிநொச்சியில் நாற்பது பிள்ளைகள் தங்கிப் படிக்க ஓர் இல்லம் கட்டி அவருடைய தாயாரின் பெயரை வைக்க வேண்டுமாம் என்றாய். காணி பார்க்கவும் சொன்னாய். காணி கிடைக்கும். ஆனால் இல்லம் கட்ட வேண்டாம், பிள்ளை. பெற்ற தாயை நினைத்துத் தருகிற காசு, அவருடைய மனதில் ஒரு குறையும் இல்லை. அந்தக் காசு எங்கே போய்ச் சேர வேண்டும் என்பதில்தான் எனக்குப் பேச்சு இருக்கிறது.

போர் முடிந்த 2009இல் நிலைமை வேறு. தாய் தகப்பன் இரண்டு பேரையும் ஒரே கிழமையில் பறிகொடுத்த பிள்ளைகள் வன்னியில் இருந்தார்கள். அவர்களுக்கு அன்றைக்கு இல்லங்கள்தான் கூரை கொடுத்தன, அதை நான் ஒருநாளும் மறக்க மாட்டேன். அந்தப் பிள்ளைகள் வளர்ந்து, இப்போது சிலர் தாங்களே பிள்ளை பெற்றுவிட்டார்கள். இன்றைக்கு இல்லத்தில் சேர்க்கச் சொல்லி என்னிடம் கூட்டிவரும் பிள்ளைகளுக்குத் தாய் இருக்கிறாள். சிலருக்குத் தகப்பனும் இருக்கிறார். தாய் குவைத்துக்கோ சவூதிக்கோ வேலைக்குப் போக வேண்டியிருக்கும், இல்லாவிட்டால் நுண்கடன் கழுத்தை நெரிக்கும், அதுவும் இல்லாவிட்டால் பள்ளிக்கூடம் தூரமாய் இருக்கும். எல்லாம் காசு இல்லாத கஷ்டம்தான்.

மழை தொடங்க முன்னம் விசுவமடுவுக்கு உள்ளே இருந்து ஒரு தாய் வந்தாள். கையில் ஒரு பொலித்தீன் பை. அதற்குள் பிறப்புச் சான்றிதழ், கிளினிக் கொப்பி, மகளின் தேர்ச்சி அறிக்கை எல்லாம் மடிப்புக் குலையாமல் இருந்தன. ஏழாம் ஆண்டு படிக்கிற மகளை எங்கேயாவது ஓர் இல்லத்தில் சேர்த்துவிடுங்கோ டீச்சர் என்றாள். பள்ளிக்கூடத்துக்குப் போகிற வழி காட்டோரம், யானை வருகிற பாதை. பிள்ளை தனிய நடந்து போய் வருவதை நினைத்தாலே நெஞ்சு பதறுகிறது என்றாள். "பிள்ளை உங்களோடு இருந்து படிக்கிறதென்றால் என்ன வேண்டும்?" என்று கேட்டேன். அப்படி ஒருவரும் அவளிடம் கேட்டதில்லைப் போல, கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு ஒவ்வொன்றாகச் சொன்னாள். ஒரு சைக்கிள், ஒரு சோடி சப்பாத்து, பின்னேர ரியூசன் காசு. அவ்வளவுதான். அதற்காகப் பெற்ற பிள்ளையைக் கைவிட வந்திருந்தாள்.

அப்பா டவுனில் ஒரு பழைய சைக்கிளை வாங்கி, செயினும் டயரும் மாற்றி எடுத்து வந்தார். சீட்டை அடிமட்டத்துக்கு இறக்கியும் பிள்ளையின் கால் நுனிவிரலில்தான் எட்டியது. முற்றத்தில் இரண்டு சுற்றுச் சுற்றினாள். பாதையை அவள் பார்க்கவே இல்லை, தாயைத்தான் பார்த்துக்கொண்டு ஓட்டினாள். இப்போது அந்தப் பக்கத்துப் பிள்ளைகள் நாலைந்து பேர் கூட்டாகச் சைக்கிளில் போகிறார்கள்.

1945இலிருந்து இந்த நாட்டில் படிப்பு இலவசம். 1980இலிருந்து பாடப்புத்தகம் இலவசம், 1993இலிருந்து சீருடைத் துணியும் இலவசம். பிறகு என்ன செலவு என்று அங்கே காசு தருகிறவர்கள் உன்னைக் கேட்பார்கள். கொப்பி, சப்பாத்து, பஸ் காசு, ரியூசன், காலைச் சாப்பாடு என்று சொல். 2022இல் கொப்பி விலை ஏறினபோது பழைய கொப்பியில் எழுதினதை அழித்துவிட்டு அதே தாளில் திரும்ப எழுதின பிள்ளைகளை நான் பார்த்தேன். வெறும் வயிற்றோடு வருகிற பிள்ளைக்குக் கணக்கு ஏறாது. இத்தனை வருடம் படிப்பித்த எனக்கு அதை ஒருவரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இல்லம் நடத்துவது லேசான காரியமும் இல்லை. 1941ஆம் ஆண்டின் அநாதை இல்லக் கட்டளைச் சட்டம் இன்னும் இருக்கிறது, மாகாண நன்னடத்தை மற்றும் சிறுவர் பராமரிப்புத் திணைக்களத்தில் பதிய வேண்டும். பதியலாம். ஆனால் சமையலாள், காவலாள், இரவில் பிள்ளைகளோடு தங்குகிற ஆள் என்று ஒவ்வொரு மாதமும் சம்பளம் போகும். நாற்பது கட்டில் போட்டுவிட்டால் அந்த நாற்பதையும் நிரப்பத்தான் மனம் தேடும். ஒரு கட்டில் காலியாய் இருந்தால் காசு தந்தவருக்கு என்ன பதில் சொல்வாய்? அப்போது நாங்களே தாய்மாரிடம் போய்ப் பிள்ளையைத் தரச் சொல்லிக் கேட்க வேண்டி வரும். எனக்கு அதுதான் பயம்.

ஐக்கிய நாடுகள் சபை 2009இல் ஏற்றுக்கொண்ட வழிகாட்டலும் இதைத்தான் சொல்கிறது: வறுமை ஒன்றை மட்டும் காரணம் காட்டி ஒரு பிள்ளையைப் பெற்றோரிடமிருந்து பிரிக்கக் கூடாது. ருமேனியாவில் அநாதை இல்லங்களில் இருந்த 136 குழந்தைகளை வைத்துச் செய்த ஆராய்ச்சியைப் பற்றி நீதானே எனக்குச் சொன்னாய்? இல்லத்தில் இருந்து வளர்ப்புக் குடும்பங்களுக்குப் போன குழந்தைகளின் மூளை வளர்ச்சியும் பேச்சும் இல்லத்திலேயே இருந்த குழந்தைகளைவிட நன்றாய் இருந்தன என்றாய். தாதி வேலை பார்க்கிற உனக்கு இது என்னைவிடத் தெரியும். காசு தருகிறவரிடம் அதையே எடுத்துச் சொல்.

வீட்டில் அடி உதை, குடி, அதைவிட மோசமான காரியங்கள் நடக்கிற பிள்ளைகளும் உண்டு. அவர்களை அங்கே விடச் சொல்லவில்லை. அதற்குச் சிறுவர் நன்னடத்தை அதிகாரி இருக்கிறார், நீதிமன்றம் இருக்கிறது. அந்தப் பிள்ளைகளையும் முதலில் அம்மம்மாவோ சித்தியோ ஏற்பார்களா என்று பார்ப்போம். அம்மம்மாமாருக்கு மனம் இருக்கிறது, மாதாமாதம் அரிசிக்கும் மருந்துக்கும் காசுதான் இல்லை. அதைக் கொடுக்க எங்களால் முடியும்.

சரி, அவருடைய தாயாரின் பெயருக்கு வருகிறேன். எங்கள் சனசமூக நிலையத்தின் மண்டபம் பின்னேரத்தில் சும்மா கிடக்கிறது. கூரை ஒழுகுகிறது, லைட் இரண்டுதான் எரிகிறது. கூரையைத் திருத்தி, லைட் போட்டு, கணக்குக்கும் விஞ்ஞானத்துக்கும் ஆங்கிலத்துக்கும் ஆசிரியர் வைத்து, சாதாரண தரப் பரீட்சை எழுதுகிற பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு நடத்தலாம். படிக்க வருகிற பிள்ளைக்கு ஒரு பிளேன்ரீயும் அவித்த கடலையும் கொடுத்து அனுப்பலாம். மண்டபச் சுவரில் அந்த அம்மாவின் பெயரைப் பெரிதாய் எழுதுவோம். பின்னேரம் முடிய அந்தப் பிள்ளைகள் தங்கள் தங்கள் வீட்டில் போய்ப் படுப்பார்கள். கிஃப்ட் எயிட் படிவத்தையும் அவரிடம் வாங்கிவிடு. தருகிற ஒவ்வொரு பவுணுக்கும் 25 பென்ஸ் பிரிட்டன் அரசாங்கம் சேர்த்துத் தருவதை விடக் கூடாது.

அப்புறம் அந்தப் போட்டோ விஷயம். பிள்ளைகளை வரிசையில் நிற்கவைத்து, பொதியைக் கையில் கொடுத்துப் படம் எடுத்து அனுப்பு என்று இனிக் கேளாதே. அந்தப் படம் ஃபேஸ்புக்கில் வந்து, அதே வகுப்புப் பிள்ளைகள் பார்த்துவிட்டு நாளைக்குப் பொதி வாங்கின பிள்ளையைப் பார்த்துச் சிரிப்பார்கள். பற்றுச்சீட்டு, தேர்ச்சி அறிக்கை (பெயரை மறைத்துவிட்டு), கூரையின் படம் இவ்வளவும் அனுப்புகிறேன். நம்பிக்கை உள்ளவருக்கு அது போதும்.

அப்பா செலவுக் கணக்கை எழுதி முடித்துவிட்டார், இந்தக் கிழமைக்குள் ஸ்கான் பண்ணி மருமகனுக்கு அனுப்புவார். கூரைத் தகட்டுக்கு விலை கேட்டு வைத்திருக்கிறோம். காசு தருகிறவருடன் பேசிவிட்டு ஒரு மெசேஜ் போடு. ஜனவரியில் பள்ளிக்கூடம் தொடங்க முன்னம் மண்டபத்தைத் திருத்திவிடலாம்.

அன்புடன்,
அம்மா