சாட்சியை மாற்றிவிட்டீர்கள், நாற்றம் அப்படியே இருக்கிறது

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு

பொருள்: சைலென்சரில் வரும் கூமுட்டை நாற்றம் மூன்று முறை வண்டியை விட்டும் தீராதது குறித்து

ஐயா / அம்மையீர்,

வணக்கம். இரண்டு மாதத்தில் மூன்று முறை என் பெட்ரோல் காரை உங்கள் சர்வீஸ் சென்டரில் விட்டேன். மூன்று முறையும் சொன்ன குறை ஒன்றேதான். வண்டி சிக்னலில் நின்றால் கூமுட்டையை உடைத்த மாதிரி நாற்றம். பின்னால் பைக்கில் நிற்பவர் முகம் சுளிப்பது எனக்குக் கண்ணாடியில் தெரியும்.

முதல் முறை, "பெட்ரோல்ல கந்தகம் ஜாஸ்தியா இருக்கும் சார், வேற பங்க்ல போட்டுப் பாருங்க" என்று அனுப்பிவிட்டார்கள். சரி என்று மூன்று பங்க் மாறிப் பார்த்தேன், பலனில்லை. இரண்டாம் முறை, புகையில் மிஞ்சும் ஆக்சிஜனை அளந்து கம்ப்யூட்டருக்குச் சொல்லும் ஆக்சிஜன் சென்சாரை மாற்றினீர்கள். மூன்றாம் முறை, புகையில் உள்ள நச்சைக் குறைக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரையே மாற்றினீர்கள். அந்த பில்லைப் பார்த்து எனக்கு வந்த தலைசுற்றல் தனிக்கதை. பத்து நாள் நிம்மதியாக ஓட்டினேன். அப்புறம் அதே நாற்றம்.

வேறு வழியில்லாமல் வெளியே ஒரு மெக்கானிக்கிடம் காட்டினேன். அவர் ஸ்பேனரைத் தொடும் முன்பே இரண்டு கேள்வி கேட்டார். மைலேஜ் குறைந்திருக்கிறதா? சூடான இன்ஜினை நிறுத்திவிட்டு ஐந்து நிமிடத்தில் மறுபடி ஸ்டார்ட் செய்தால் உடனே பிடிக்காமல் இழுக்கிறதா? இரண்டுக்கும் ஆமாம் என்றேன். உங்கள் ஆட்கள் யாரும் இதைக் கேட்டதில்லை. அளவுக்கு மீறி சார்ஜ் ஏறும் பேட்டரியிலும் இதே நாற்றம் வரும் என்று சொல்லி, இன்ஜின் ஓடும்போதே மீட்டரை வைத்துப் பார்த்தார். 14.2 வோல்ட் காட்டியது. அதில் கோளாறில்லை. சைலென்சர் வாயில் விரலை விட்டு எடுத்தார், கண்மை மாதிரி கரி அப்பியிருந்தது.

அதன்பின், பெட்ரோலின் அழுத்தத்தைச் சீராக வைக்கும் ஃபியூயல் பிரஷர் ரெகுலேட்டரிலிருந்து, இன்ஜினுக்குக் காற்றைக் கொடுக்கும் இன்டேக் மேனிஃபோல்டுக்குப் போகும் வேக்குவம் ஹோஸைக் கழற்றினார். சுண்டுவிரல் தடிமன்கூட இல்லாத ரப்பர் குழாய் அது. அதில் காற்றின் இழுவை மட்டும்தான் இருக்க வேண்டும். அவர் கவிழ்த்துப் பிடித்ததும் உள்ளங்கையில் பெட்ரோல் சொட்டியது. ரெகுலேட்டருக்குள் இருக்கும் டயஃப்ரம் என்ற மெல்லிய சவ்வு கிழிந்து, அந்த வழியாகப் பெட்ரோல் நேராக இன்ஜினுக்குள் போய்க்கொண்டிருந்திருக்கிறது. வண்டி நிற்கும்போது வேக்குவத்தின் இழுவை அதிகம். நாற்றம் சிக்னலில் தூக்கலாக அடித்ததன் காரணம் எனக்கு அப்போதுதான் புரிந்தது. பெட்ரோல் அதிகமாகி ஆக்சிஜன் பற்றாமல் போனால், எரிபொருளில் இருக்கும் கொஞ்சநஞ்சக் கந்தகம் கன்வெர்ட்டருக்குள் ஹைட்ரஜன் சல்பைடாக மாறிவிடும். கூமுட்டை நாற்றம் அதுதான்.

என்னை உண்மையிலேயே கோபப்படுத்தியது இனிமேல்தான் வருகிறது. இரண்டாம் முறை நீங்களே கொடுத்த ஸ்கேனர் தாளை வீட்டில் எடுத்துப் பார்த்தேன். பி0172 என்ற பிழைக் குறியீடு அதில் இருக்கிறது. இன்ஜினுக்குள் போகும் காற்று-பெட்ரோல் கலவையில் பெட்ரோல் அதிகம் என்பது அதன் பொருள். பக்கத்திலேயே ஃபியூயல் ட்ரிம் மைனஸ் 23 சதவீதம். அதாவது வண்டியின் கம்ப்யூட்டர் இன்ஜெக்டர் வழியாகப் போகும் பெட்ரோலை அவ்வளவு குறைத்தும் கலவை சரியாகவில்லை. அப்படியானால் பெட்ரோல் வேறு வழியாகவும் வருகிறதா என்று தேடியிருக்க வேண்டாமா? உங்கள் ஆட்கள் உண்மையைச் சொன்ன சாட்சியான ஆக்சிஜன் சென்சாரைக் கழற்றி எறிந்துவிட்டார்கள்.

பழைய கன்வெர்ட்டர் நன்றாகத்தான் இருந்தது என்று நான் வாதாடவில்லை. இத்தனை நாள் பெட்ரோலைக் குடித்து அது வெந்துபோயிருக்கலாம். ஆனால் அது ஏன் கெட்டது என்று பார்க்காமல் புதிதை மாட்டினால், அதற்கும் அதே கதிதானே? இன்னொன்றும் சொல்ல வேண்டும். காருக்குள்ளும் புகை வாசம் வருகிறது, சைலென்சர் இணைப்புகளில் கசிவு இருக்கிறதா பாருங்கள் என்று இரண்டு முறை கேட்டேன். "தேவையில்லை சார்" என்றார் உங்கள் அட்வைசர். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது. புகை வாசம் உள்ளே வந்தால் அதுவும் கூடவே வரும். பின்சீட்டில் குழந்தை உட்காரும் வண்டி இது.

ரெகுலேட்டரை வெளியிலேயே மாற்றிவிட்டேன், நாற்றம் நின்றது. உங்களிடம் நான் கேட்பது இதுதான். தேவையில்லாமல் மாற்றிய ஆக்சிஜன் சென்சாருக்கும் அதன் கூலிக்கும் வாங்கிய பணத்தைத் திருப்பித் தாருங்கள். புதிய கன்வெர்ட்டரைக் கட்டணமில்லாமல் சோதித்து, கெட்டிருந்தால் வாரண்டியில் மாற்றித் தாருங்கள். கழற்றிய பழைய கன்வெர்ட்டரை என் கண்ணில் காட்டுங்கள். அந்த ஸ்கேனர் தாளில் இருந்த குறியீட்டை யார் படித்தார், படித்துவிட்டு ஏன் விட்டார் என்பதற்கு 15 நாளுக்குள் எழுத்தில் பதில் வேண்டும். போனில் சமாதானம் சொல்ல வேண்டாம், ஏற்கெனவே நிறையக் கேட்டாயிற்று.

மூன்று பில்களின் நகலும் ஸ்கேனர் தாளின் நகலும் இத்துடன் இருக்கின்றன. கிழிந்த ரெகுலேட்டர் என்னிடம் பத்திரமாக இருக்கிறது. வந்து பார்க்கலாம்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்