பாப்பாவை டெல்லிக்கு அனுப்புங்கண்ணா

அண்ணா, வணக்கமுங்க.

உங்கள் பொண்ணை எம்.ஏ. படிக்க டெல்லிக்கு அனுப்புங்கள் என்று போன வாரம் போனில் பேசியபோது, "மேடம், அந்தப் பேச்சை இத்தோட விட்டுருங்க" என்று சொல்லி வைத்துவிட்டீர்கள். எனக்கு விட மனசு வரவில்லை. பொதுவில் எழுதட்டுமா என்று பாப்பாவிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். உங்கள் பேரோ அவள் பேரோ எங்கேயும் வராது. உங்களைப் போலவே யோசிக்கிற அப்பாமார் பவானியிலும் அந்தியூரிலும் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்கள் கண்ணிலும் இது படட்டும்.

பிள்ளைகளை டெல்லிக்கு டூர் கூட்டிப்போய் வந்ததிலிருந்து ஊருக்குள் ஏதேதோ பேச்சு. "புள்ளையைத் தொலைச்சுட்டு ராத்திரி முழுக்கத் தேடுனாங்களாம்" என்று உங்கள் ஒறம்பரையில் ஒருவர் சொன்னாராம், அண்ணி வருத்தப்பட்டார். கூட இருந்தவள் நான், நடந்ததைச் சொல்கிறேன்.

ராஜீவ் சௌக் மெட்ரோ ஸ்டேஷன், சாயங்கால நேரம். வேலை விட்டு வீடு திரும்பும் கூட்டம். அங்கே ஒவ்வொரு வண்டியிலும் முதல் பெட்டி பெண்களுக்கு. பிளாட்பாரத்தில் அதற்கென்று ரோஸ் நிறத்தில் எழுதியிருக்கும். அந்த இடத்தில் வரிசையாக நின்று ஏறினோம். கடைசியாக நின்றவள் உங்கள் பொண்ணு. முன்னால் நின்றவளின் பை கூட்டத்தில் மாட்டிக்கொள்ள, அதைத் தள்ளி உள்ளே விட்டாள், அதற்குள் கதவு மூடிவிட்டது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் நான். வண்டி நகரும்போது அவள் கையைத் தரையைப் பார்த்துக் காட்டினாள், இங்கேயே நிற்கிறேன் என்று. யாராவது விட்டுப்போனால் நின்ற இடத்தை விட்டு நகரக்கூடாது, நாங்கள்தான் திரும்பி வருவோம் என்று போகும்போது ரயிலிலேயே பேசி வைத்திருந்தோம். அவளுடைய போனில் சார்ஜ் இல்லை.

அடுத்த ஸ்டேஷன் படேல் சௌக். மற்ற பிள்ளைகளை இன்னொரு மேடத்திடம் விட்டுவிட்டு இறங்கி, எதிர் வண்டி பிடித்துத் திரும்பினேன். எல்லாம் சேர்த்துக் கால் மணி நேரம் ஆகியிருக்கும். அவ்வளவுதான் அண்ணா அந்த "ராத்திரி முழுக்க".

போய்ப் பார்த்தால், அந்த ரோஸ் நிற எழுத்துக்குப் பக்கத்துத் தூணில் முதுகைச் சாய்த்து நிற்கிறாள். கையில் ஒரு துண்டுக் காகிதம், நாங்கள் தங்கியிருந்த விடுதி முகவரி இந்தி எழுத்தில். நாக்பூர் தாண்டி ரயிலில் எதிர் சீட்டில் வந்த அம்மாவிடம் கேட்டு எழுதி வாங்கியிருக்கிறாள், யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. காவலுக்கு நின்ற பெண் போலீஸிடம் அதைக் காட்டி, தான் எங்கே நிற்கப்போகிறேன் என்றும் சொல்லி வைத்திருக்கிறாள். நான் பக்கத்தில் போகும்போது, குழந்தையோடு தவித்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணுக்கு மேலே கையைக் காட்டி "ப்ளூ லைன் ஊப்பர்" என்று வழி சொல்லிக்கொண்டிருந்தாள். அந்த ஸ்டேஷனில் மஞ்சள் வழி கீழே ஓடும், நீல வழி மேல் தளத்தில். நின்ற அந்தக் கொஞ்ச நேரத்தில் அதைக் கவனித்து வைத்திருக்கிறாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

வேறு கஷ்டங்களும் வந்தன, மறைக்கவில்லை. ஒரு பிள்ளைக்குக் குளிர் காய்ச்சல், மாத்திரையில் ரெண்டு நாளில் சரியானது. டூர் ஏற்பாடு செய்தவர் செங்கோட்டையைத் திங்கட்கிழமையில் போட்டுவிட்டார், திங்கட்கிழமை அங்கே விடுமுறை. மூடிய கோட்டைக்கு வெளியே பிள்ளைகள் முகம் வாடி நின்றபோது, 1858இல் கடைசி முகலாயப் பேரரசர் பகதூர் ஷா ஜாஃபரை இங்கேதான் விசாரித்தார்கள், 1945இல் நேதாஜி படை அதிகாரிகள் மேல் வழக்கு நடந்ததும் இதே கோட்டையில்தான் என்று உங்கள் பொண்ணு ஆரம்பித்தாள். நான் வகுப்பில் நடத்தியபோது தூங்கிய பிள்ளைகள் அன்றைக்கு நின்றுகொண்டே கேட்டார்கள்.

திரும்பும் ரயிலும் ரொம்பத் தாமதம். ஜனவரியில் அந்தப் பக்கம் பனிமூட்டம் இறங்கினால் டிரைவருக்கு சிக்னலே தெரியாது, வண்டியை மெதுவாகத்தான் ஓட்ட முடியும். வரவேண்டிய வண்டி வந்தால்தான் அதே பெட்டிகள் திரும்பிப் புறப்படும். குளிரில் பிளாட்பாரத்தில் போர்வையைப் போர்த்தி உட்கார்ந்து, வீட்டிலிருந்து கொண்டுபோன கச்சாயத்தில் மிஞ்சியதைப் பங்கு போட்டுச் சாப்பிட்டோம். விசாரணை ஜன்னலுக்குப் போய்ப் போய்க் கேட்டு வந்து எல்லோருக்கும் சொன்னதும் அவள்தான்.

அவள் ஏன் டெல்லி டெல்லி என்கிறாள் என்று உங்களிடம் சரியாகச் சொன்னாளா தெரியவில்லை. பொள்ளாச்சிப் பக்கம் செங்குட்டைப்பாளையத்தில் பிறந்த சி. சுப்பிரமணியம் 1964இல் மத்திய உணவு, வேளாண்மை அமைச்சர் ஆனார். நாடு அமெரிக்கக் கோதுமையை எதிர்பார்த்துக் கிடந்த காலம். 1966இல் மெக்சிகோவிலிருந்து 18,000 டன் விதைக் கோதுமை வந்தது. புது ரகம் விளையுமா என்று சந்தேகப்பட்டவர்களுக்காக, டெல்லியில் தன் பங்களாத் தோட்டத்திலேயே அதை விதைத்துக் காட்டினார் அவர். நம்ம சீமையிலிருந்து போன மனுஷன். அந்தக் கதையை முழுசாக ஆராய்ச்சி செய்ய வேண்டும் என்பது இவள் ஆசை. பழைய அரசாங்கக் கோப்புகளைத் தேசிய ஆவணக் காப்பகத்தில் வைத்திருக்கிறார்கள், ஜன்பத்தில். பஸ் அந்தப் பக்கம் போனபோது சீட்டை விட்டு எழுந்து நின்று பார்த்தாள். காலிங்கராயன் வாய்க்கால் தண்ணீரில் மஞ்சள் போடுகிறவர் வீட்டுப் பெண்ணைத் தவிர வேறு யாருக்கண்ணா இந்த ஆசை வரும்?

எம்.ஏ. வரலாறு படிக்க ஜேஎன்யு என்கிற ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்திலும் டெல்லிப் பல்கலைக்கழகத்திலும் அவளுக்கு விருப்பம். அதற்கு ஒரே நுழைவுத் தேர்வு, கியூட் பி.ஜி. கோயம்புத்தூரிலேயே எழுதலாம். ஊர் தெரியாத ஊர் என்று பயப்படுகிறீர்கள். ஜேஎன்யுவுக்குப் பக்கத்தில் ஆர்.கே.புரம். அங்கே 1946இலிருந்து இயங்கும் டெல்லித் தமிழ்ச் சங்கம் இருக்கிறது, மலை மந்திர் என்று முருகன் கோயிலும் இருக்கிறது. சென்னிமலைக்குக் காவடி எடுக்கிற நீங்கள் ஒருதடவை வந்து பாருங்கள். ஈரோட்டிலேயே ரயில் ஏறினால் மாறாமல் டெல்லியில் போய் இறங்கலாம்.

செலவு, கல்யாணப் பேச்சு, சொந்தக்காரர் வாய் எல்லாம் எனக்கும் தெரியும். அதையெல்லாம் நேரில் பேசுவோம். ஆனால் அன்றைக்கு மெட்ரோவில் நடந்ததைக் காரணமாகச் சொல்லாதீர்கள். அன்றைக்கு அவள் நின்ற விதத்தைப் பார்த்த பிறகுதான், இவள் எங்கே போனாலும் சமாளிப்பாள் என்று எனக்கே நம்பிக்கை வந்தது.

விண்ணப்பிக்கக் கடைசித் தேதி நெருங்குகிறது. முதலில் தேர்வை எழுதட்டும், இடம் கிடைத்தால் மேற்கொண்டு பேசலாம். சனிக்கிழமை மத்தியானத்துக்கு மேல் தோட்டத்துச் சாளைக்கு வருகிறேன், அண்ணியையும் இருக்கச் சொல்லுங்கள். பாப்பா மார்க் ஷீட், ஆதார், போட்டோ எல்லாம் எடுத்து வைத்திருக்கட்டும். லேப்டாப்பை நான் கொண்டுவருகிறேன்.