போலீஸ் மீதான புகாரைப் போலீஸே விசாரிக்கலாமா? சட்டமன்ற உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தமிழ்நாடு சட்டமன்ற உறுப்பினர்களுக்கு,

வணக்கம். காவல் துறை மானியக் கோரிக்கை அவைக்கு வரும்போதெல்லாம் புதிய காவல் நிலையம், வாகனம், குடியிருப்பு, படி உயர்வு என்று நிறையப் பேசுகிறீர்கள். அதெல்லாம் வேண்டியதுதான். நான் எழுதுவது வேறு ஒரே ஒரு விஷயத்துக்காக. போலீஸ்காரர் அடித்தார், பொய் வழக்குப் போட்டார் என்று ஒருவர் சொன்னால், அதை விசாரிக்க வேண்டியவர் யார்? 2013-இல் இந்த அவை நிறைவேற்றிய தமிழ்நாடு காவல் (சீர்திருத்தங்கள்) சட்டம் இதற்குத் தந்த பதில் தவறு. அதைத் திருத்துங்கள் என்று கேட்கிறேன். நம் காவல் துறை எதற்காக உருவாக்கப்பட்டது என்பதைப் பார்த்தாலே இந்தத் தவறு தெரியும். அதனால் கொஞ்சம் பின்னால் போகிறேன்.

கம்பெனி ஆட்சிக்கு முன்பு நம் ஊர்களில் தலையாரியும் காவல்காரர்களும் பாளையக்காரர்களும் காவல் பார்த்தார்கள். 1816-இல் சென்னை அரசாங்கம் அதையெல்லாம் மாற்றி, போலீஸ் அதிகாரத்தைக் கலெக்டரிடமும் அவருக்குக் கீழே தாசில்தாரிடமும் ஒப்படைத்தது. நில வரி வசூலிப்பவரும் தாசில்தார், திருடனைப் பிடிப்பவரும் தாசில்தார். வரி பாக்கி வைத்த குடியானவரை வழிக்குக் கொண்டுவர, திருடனிடம் காட்டும் அதே முறைகளைக் காட்டினார்கள்.

அதில் ஒன்றுக்குக் கிட்டி என்று பெயர். இரண்டு கட்டைகளை ஒரு முனையில் சேர்த்துக் கட்டியிருப்பார்கள். நடுவில் விரல்களை வைத்து மறுமுனையை அழுத்துவார்கள். கேட்ட தொகையைத் தருகிறேன் என்று அவர் சொல்லும்வரை அழுத்துவார்கள். இன்னொன்று அண்ணாந்தாள். ஆளை வளைத்துக் கயிற்றால் கட்டி, அப்படியே வெயிலில் மணிக்கணக்கில் விட்டுவிடுவது.

இதை வெளியே கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் நம்மூர்க்காரர், கஜுலு லட்சுமிநரசு செட்டியார். அவர் தொடங்கிய சென்னை மக்கள் சங்கம் லண்டன் வரை மனு அனுப்பியது. 1854-இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் விவாதம் நடந்தது. அதன்பிறகு சென்னை அரசாங்கம் எலியட், ஸ்டோக்ஸ், நார்ட்டன் என்ற மூவரைக் கொண்ட விசாரணைக் குழுவை அமைத்தது. குறுகிய காலத்துக்குள் 1,959 புகார்கள் வந்தன. 519 பேர் நேரிலேயே வந்தார்கள். மற்ற 1,440 பேர் எழுதி அனுப்பினார்கள். ரயில் இல்லாத காலத்தில், மாகாணத்தின் மூலைமுடுக்கிலிருந்தெல்லாம் இத்தனை பேர் சென்னைக்கு வந்து, தன்னை அடித்த அதிகாரியைப் பற்றிச் சொல்லியிருக்கிறார்கள். ஏன்? உள்ளூரில் சொல்ல இடமில்லை.

1855-இல் வெளிவந்த அந்த அறிக்கையில் என்னை உலுக்கிய பகுதி சித்திரவதைக் கருவிகளைப் பற்றியது அல்ல. புகாருக்கு என்ன ஆனது என்பதைப் பற்றியது. தாசில்தார் மீது கலெக்டரிடம் மனு கொடுத்தால், கலெக்டர் அதன்மேல் ஒரு வரி எழுதி, விசாரித்து அறிக்கை தரச் சொல்லி, அதே தாசில்தாருக்கே அனுப்பிவிடுவார். மனு கொடுத்தவர் ஊர் திரும்பும்போது தாசில்தார் கையில் அந்த மனு இருக்கும். வரி வசூலையும் போலீஸையும் ஒரே கையில் வைத்திருந்தால் இது தீராது, இரண்டையும் பிரித்துவிடுங்கள் என்று குழு சொன்னது.

அப்படிப் பிறந்ததுதான் 1859-ஆம் ஆண்டின் 24-ஆவது சட்டம். வருவாய்த் துறையிலிருந்து பிரிந்த தனிப் போலீஸ் படை உருவானது. வில்லியம் ராபின்சன் அதன் முதல் தலைவர். இந்தியா முழுவதற்குமான 1861 காவல் சட்டம் அதற்குப் பிறகுதான் வந்தது. மெரினாவில் வெள்ளைத் தூண்களோடு நிற்கிறதே டி.ஜி.பி. அலுவலகம், 1839-இல் ஃப்ரீமேசன்கள் என்ற சங்கத்தாருக்காகக் கட்டிய அந்தக் கட்டடம் பிற்பாடு இந்தத் துறைக்கு வந்தது. அந்த 1859 சட்டம், பெயரில் தமிழ்நாட்டைச் சேர்த்துக்கொண்டு, நம் சட்டப் புத்தகத்தில் நீடித்தது.

அப்புறம் துறை எவ்வளவோ வளர்ந்துவிட்டது. நான்கு மண்டலங்கள், அவற்றுக்குக் கீழே சரகங்கள், மாவட்டத்துக்கு ஒரு எஸ்.பி., பெருநகரங்களில் கமிஷனர்கள், சிறப்புக் காவல் படை, சி.பி.சி.ஐ.டி., சிலைத் திருட்டுத் தடுப்புப் பிரிவு, கடலோரக் காவல் குழுமம். 1973-இல் பெண் காவலர்கள் வந்தார்கள். 1992-இல் சென்னை ஆயிரம் விளக்கில் அனைத்து மகளிர் காவல் நிலையம் திறந்தது. மற்ற மாநிலங்கள் பார்த்துக் கற்றுக்கொண்ட வேலை அது, அந்தப் பெருமை நமக்கு உண்டு.

ஆனால் புகாரின் கதை மட்டும் நகரவில்லை. இன்று ஒருவர் எஸ்.பி. அலுவலகத்தில் ஸ்டேஷன் மீது மனு கொடுக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ரசீது கிடைக்கும். மனு டி.எஸ்.பி.க்குப் போகும், அங்கிருந்து பெரும்பாலும் இன்ஸ்பெக்டருக்கு. சில நாளில் அதே ஸ்டேஷனிலிருந்து ஃபோன் வரும்: "மனு விசாரணை, வந்துட்டுப் போங்க." யார் மேல் புகாரோ அவர் இருக்கும் கட்டடத்துக்கே இவர் போக வேண்டும். வாசலில் சென்ட்ரி, உள்ளே ரைட்டர் மேசை, அங்கே நின்றபடி "சமாதானமாகப் போகிறேன்" என்று எழுதிக் கொடுத்துவிட்டு வருகிறவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இதை மாற்றத்தான் 2006 செப்டம்பரில், காவல் துறைச் சீர்திருத்தம் கேட்டுத் தொடர்ந்த பிரகாஷ் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஏழு உத்தரவுகளைப் போட்டது. அதில் ஒன்று காவல் புகார் ஆணையம். மாநில அளவில் ஓய்வு பெற்ற உயர் நீதிமன்ற அல்லது உச்ச நீதிமன்ற நீதிபதி, மாவட்ட அளவில் ஓய்வு பெற்ற மாவட்ட நீதிபதி தலைமை தாங்க வேண்டும். காவலில் மரணம், கொடுங்காயம், பாலியல் வன்கொடுமை போன்ற புகார்களை அவர்கள் விசாரிக்க வேண்டும். அவர்களின் பரிந்துரை அரசைக் கட்டுப்படுத்த வேண்டும்.

நம் 2013 சட்டம் என்ன செய்தது? மாநில ஆணையத்துக்குத் தலைவர் உள்துறைச் செயலாளர், உறுப்பினர்கள் டி.ஜி.பி.யும், சட்டம் ஒழுங்கு ஏ.டி.ஜி.பி.யும். மாவட்டத்தில் கலெக்டர் தலைவர், எஸ்.பி.யும் கூடுதல் எஸ்.பி.யும் உறுப்பினர்கள். 1855-இல் மூன்று பேர் எந்த முடிச்சை அவிழ்க்கச் சொன்னார்களோ, அதை 158 வருஷம் கழித்து மறுபடி போட்டிருக்கிறோம். கலெக்டர்களை நான் குற்றம் சொல்லவில்லை. பந்தோபஸ்து, திருவிழா, மறியல், தேர்தல் என்று எஸ்.பி.யும் கலெக்டரும் தினமும் சேர்ந்தே வேலை செய்கிறார்கள். அந்த எஸ்.பி.யின் ஆட்களை விசாரிக்கும் இடத்தில் அதே இரண்டு பேரை உட்காரவைப்பது அவர்களுக்கும் நல்லதில்லை. பக்கத்தில் கேரளத்தின் 2011 சட்டம் மாநில ஆணையத்தின் தலைமையை ஓய்வு பெற்ற உயர் நீதிமன்ற நீதிபதிக்கும், மாவட்ட ஆணையத்தின் தலைமையை நீதித் துறையிலிருந்து வந்தவருக்கும் கொடுத்தது. அங்கே முடிந்தது இங்கே ஏன் முடியாது?

சாத்தான்குளத்தை மறந்திருக்க மாட்டீர்கள். 2020 ஜூனில் போலீஸ் பிடித்துப்போன தந்தையும் மகனும் இறந்தபின், விசாரிக்கப் போன மாஜிஸ்திரேட்டுக்கே ஸ்டேஷனில் ஒத்துழைப்பு கிடைக்கவில்லை. சி.சி.டி.வி. காட்சிகள் அன்றன்றே அழிந்துவிடும்படி வைக்கப்பட்டிருந்ததாக அவர் அறிக்கை தந்தார். கடைசியில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை, தடயங்களைக் காப்பாற்ற அந்தக் காவல் நிலையத்தையே வருவாய்த் துறையின் கட்டுப்பாட்டில் கொண்டுவரச் சொன்னது. அன்று உண்மையைச் சொன்னவர் அதே ஸ்டேஷனில் பணியில் இருந்த ஒரு பெண் தலைமைக் காவலர். கேட்க வந்தவர் அவருடைய மேலதிகாரியாக இருந்திருந்தால் அவர் வாய் திறந்திருப்பாரா? சுதந்திரமான ஆணையம் வேண்டும் என்பதற்கு இதைவிட வேறு காரணம் எனக்குத் தேவைப்படவில்லை. ஐந்து வருஷம் கழித்து, 2025 ஜூனில், திருப்புவனத்தில் நகை காணாமல்போன புகாருக்காக அழைத்துப்போன கோயில் காவலாளி இறந்தார். மறுபடியும் உயர் நீதிமன்றம் தலையிட்டது, மறுபடியும் சி.பி.ஐ. வந்தது. ஒவ்வொரு சாவுக்கும் இப்படி மாநிலமே கொதித்தால்தான் வெளியாள் விசாரிப்பார் என்றால், பேப்பரில் வராத புகார்களின் கதி என்ன?

இந்த ஆணையம் காவலர்களுக்கு எதிரானது என்று யாராவது உங்களிடம் சொல்வார்கள். கடைநிலைக் காவலரைக் கேட்டுப் பாருங்கள். ஆர்டர்லி முறையை அரசு 1979-இலேயே ஒழித்துவிட்டது. ஆனாலும் அதிகாரிகள் வீட்டில் காவலர்கள் வேலை செய்கிறார்கள் என்று 2022-இல் உயர் நீதிமன்றம் கண்டிக்க வேண்டியிருந்தது. நாற்பது வருஷத்துக்கு மேல் அந்தக் காவலர்கள் யாரிடம் போய்ச் சொல்லியிருப்பார்கள்? மேலதிகாரிக்கு மேல் இன்னொரு மேலதிகாரி இருப்பதால் மட்டும் நியாயம் கிடைத்துவிடாது என்பது அவர்களுக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும். அவர்களும் புகார் கொடுக்கும்படி ஆணையத்தை அமையுங்கள்.

நான் கேட்கும் திருத்தம் சிறியது. இரண்டு அளவிலும் தலைமை நீதித் துறையிலிருந்து வந்தவருக்கு, அதுவும் தலைமை நீதிபதி தரும் பட்டியலிலிருந்து. பணியில் இருக்கும் போலீஸ் அதிகாரி உறுப்பினராக இருக்கக் கூடாது. ஆணையத்துக்கென்று தனி விசாரணை ஆட்கள், தனிப் பணம், கலெக்டர் அலுவலக வளாகத்துக்கும் எஸ்.பி. அலுவலக வளாகத்துக்கும் வெளியே ஓர் இடம். புகார் கொடுத்தவரை எந்தக் காரணத்துக்காகவும் அந்த ஸ்டேஷனுக்கு விசாரணைக்கு அழைக்கக் கூடாது என்பதைச் சட்டத்திலேயே எழுதிவிடுங்கள். பரிந்துரையை அரசு ஏற்கவில்லை என்றால் காரணத்தை அவையில் வைக்க வேண்டும்.

அரசே மசோதா கொண்டுவந்தால் நல்லது. வராவிட்டால் உங்களில் யாரும் தனிநபர் மசோதாவாகக் கொடுக்கலாம். எந்தக் கட்சி என்பது இதில் ஒரு பொருட்டல்ல, 2013-க்குப் பிறகு ஆட்சியும் மாறிவிட்டது, சாவுகளும் நிற்கவில்லை. அடுத்த மானியக் கோரிக்கை விவாதத்தில் பேச உங்களுக்கு ஐந்து நிமிடம் கிடைத்தாலும், புகார் ஆணையங்கள் இதுவரை எத்தனை முறை கூடின, எத்தனை மனுக்களை முடித்தன, எத்தனை பேர் மீது நடவடிக்கைக்குப் பரிந்துரைத்தன என்று மாவட்டவாரியாகக் கேளுங்கள். பதிலை அவைக் குறிப்பில் ஏற்றுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாக்காளர்களில் ஒருவர்