நூறு வீதம் என்று ஒரு பெனர்

அன்பு மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. மகனுக்கு இரண்டாவதும் பெண் பிள்ளை என்று அறிந்து வீட்டில் எல்லாருக்கும் சந்தோஷம். நாங்கள் சுகம். மழைதான் விடவில்லை. நாம் படித்த கொட்டகலை ஆசிரியர் கலாசாலை விடுதியில் காயப்போட்ட சாரம் நாட்கணக்கில் ஈரமாகவே தொங்குமே, அதே மழை. ஆசிரிய ஆலோசகர் வேலையில் இருந்து பென்சன் எடுத்தும் வேலை விட்டபாடில்லை. பின்னேரத்தில் லயத்துப் பிள்ளைகள், தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டுப் பிள்ளைகள், நாலைந்து பேர் கணக்குக் கொப்பியோடு வந்து நிற்கிறார்கள்.

மூத்த பேத்தியின் பாடசாலையைப் பற்றி எழுதியிருந்தாய். ஒன்டாரியோவில் 3ஆம், 6ஆம் வகுப்புகளுக்கு வாசிப்பு, எழுத்து, கணக்கு மூன்றுக்கும் மாகாணம் முழுக்க ஒரே சோதனை. பிறகு 9இல் கணக்கு, 10இல் மொழி. பெறுபேறு பாடசாலை வாரியாக வெளியே வரும், வீடு வாங்குகிறவர்கள் அதைப் பார்த்துத்தான் தெருவைத் தெரிவு செய்கிறார்கள் என்கிறாய். லயத்தில் பிறந்த எனக்குச் சிரிப்பு வந்தது. நமக்கு வேலை எந்தத் தோட்டத்திலோ அங்கேதான் வீடு, வீடு எங்கேயோ அங்கேதான் பாடசாலை. சரி, நம்ம பக்கத்தில் பாடசாலைகளை யார் அளக்கிறார்கள், அளந்து என்ன செய்கிறார்கள் என்று கேட்டாயே, அதற்கு வருகிறேன்.

அமைப்பு நீ கனடாவுக்குப் போகும்போது இருந்த மாதிரித்தான். நுவரெலியா மாவட்டத்தில் நுவரெலியா, ஹட்டன், கொத்மலை, வலப்பனை, ஹங்குரன்கெத்த என்று ஐந்து கல்வி வலயங்கள். வலயத்துக்கு ஒரு பணிப்பாளர், அவருக்குக் கீழே கோட்டங்கள், பாடத்துக்குப் பாடம் ஆசிரிய ஆலோசகர்கள். தேசியப் பாடசாலைகள் நேரே கொழும்பு அமைச்சின் கையில். மற்றவை மாகாணத்தின் கையில்.

பரீட்சைத் திணைக்களம் பெறுபேறு விட்டதும் வலயக் காரியாலயத்தில் கணக்குப் பார்க்கத் தொடங்கிவிடுவார்கள். தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சையில் 70 புள்ளிக்கு மேல் எடுத்தவர்கள் எத்தனை வீதம், வெட்டுப்புள்ளி தாண்டியவர்கள் எத்தனை வீதம். தரம் 11இல் எழுதும் சாதாரண தரப் பரீட்சையில் தாய்மொழியும் கணிதமும் சேர்த்துச் சித்தியெடுத்து உயர்தரத்துக்குத் தகுதியானவர்கள் எத்தனை வீதம். பிறகு அதிபர்களைக் கூப்பிட்டு ஒரு கூட்டம். திரையில் பாடசாலைகளின் பெயர்கள் மேலிருந்து கீழே வரிசையாக வரும். அடியில் இருக்கும் நாலைந்து வரிக்குச் சிவப்பு. சிவப்பில் இருக்கிறவர் எழும்பி நின்று காரணம் சொல்ல வேண்டும். தலை நரைத்த மனுசர், முப்பது வருசம் வாத்தியார் வேலை பார்த்தவர், காதுப்பக்கமெல்லாம் சிவக்க நிற்பதைப் பின்வரிசையில் இருந்து எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். அவர் சொல்லும் காரணத்தை யாரும் எழுதிக்கொண்டதாக ஞாபகம் இல்லை.

எண்கள் பொய் சொல்வதில்லை, ஆனால் அவற்றை எப்படிப் படிக்கிறோம் என்று ஒன்று இருக்கிறதே. ஒரு தோட்டப் பாடசாலையில் எட்டுப் பிள்ளைகள் சாதாரண தரம் எழுதினால் ஒரு பிள்ளை மட்டும் 12.5 வீதம். பரீட்சைக் கிழமையில் ஒரு வீட்டில் சாவு விழுந்தால் பாடசாலை பத்து இடம் கீழே போய்விடும். அடுத்த வருசம் கெட்டிக்காரப் பிள்ளைகள் இரண்டு பேர் அமைந்துவிட்டால் அதே அதிபருக்குப் பொன்னாடை. இரண்டுக்கும் அவர் பொறுப்பில்லை.

அதைவிடப் பெரிய அநியாயம் இன்னொன்று. தரம் 5 வரை பாடுபட்டுப் படிப்பித்து மூன்று பிள்ளைகளைப் புலமைப்பரிசில் சித்தியடைய வைத்தால், அந்த மூன்று பேரும் தரம் 6க்கு டவுன் பாடசாலைக்குப் போய்விடுவார்கள். ஆறு வருசம் கழித்து அவர்கள் சாதாரண தரத்தில் ஒன்பது பாடத்துக்கும் எடுக்கும் 9ஏ டவுன் பாடசாலையின் கணக்கில் ஏறும். தோட்டத்துப் பாடசாலையோ மிஞ்சிய பிள்ளைகளோடு சிவப்பு வரியில் நிற்கும். கீழ் வகுப்பில் நன்றாகச் செய்ததற்கே மேல் வகுப்பில் தண்டனை. பிள்ளை தரம் 5இல் எங்கே நின்றது, தரம் 11இல் எங்கே வந்து நிற்கிறது என்று ஒரே பிள்ளையின் இரண்டு பெறுபேற்றையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தானே பாடசாலை என்ன செய்தது என்று தெரியும்? இரண்டும் திணைக்களத்திடம் இருக்கின்றன. சேர்த்துப் பார்க்கத்தான் ஆளில்லை.

வீதத்தைக் கூட்டக் குறுக்கு வழியும் உண்டு, உனக்குத் தெரியாததா? பெலவீனமான பிள்ளையின் தகப்பனைக் கூப்பிட்டு, "இந்த முறை வேணாம், அடுத்த வருசம் பிரைவட்டா எழுதட்டும்" என்று சொல்லிவிடுவது. அப்படி எழுதினால் பாடசாலையின் கணக்கில் வராது. பிறகு கேட்டில் "100% சித்தி" என்று பெனர் தொங்கும். சட்டப்படி 16 வயது வரை பாடசாலையில் இருக்க வேண்டிய பிள்ளை கொழும்புக் கடையில் சாமான் தூக்கிக்கொண்டிருக்கும்.

தரமதிப்பீடு என்று வேறொரு பக்கம் நடக்கிறது. மாணவர் அடைவு, கற்றல் கற்பித்தல், மாணவர் நலன், தலைமைத்துவம், சமூகத் தொடர்பு என்று எட்டுத் துறைகள். முதலில் பாடசாலை தன்னைத்தானே மதிப்பிட வேண்டும், பிறகு வெளியிலிருந்து குழு வந்து பார்க்கும். நினைப்பு நல்ல நினைப்புத்தான். பெறுபேறு மட்டுமே பாடசாலை இல்லை என்று யாரோ யோசித்திருக்கிறார்கள். ஆனால் குழு வருகிறது என்றால் அதற்கு முந்தின கிழமை படிப்பு இல்லை. டீச்சர்மார் பைல் கட்டுவார்கள், சுவருக்குப் பெயின்ட், கொய்யா மரத்துக்கும் ஒரு பெயர்ப்பலகை. கொழும்புப் பல்கலைக்கழகத்துக் கல்வி ஆராய்ச்சி மையம் தரம் 4, தரம் 8 பிள்ளைகளை மாதிரி எடுத்துச் சோதித்து அறிக்கை போட்டிருக்கிறது. அது மாகாணத்தின் நிலையைச் சொல்லும், ஒரு தனிப் பாடசாலையின் நிலையைச் சொல்லாது.

உருப்படியான வேலை ஒன்றைப் பார்த்தது ஒரு சின்னப் பாடசாலையில். பெயர் வேண்டாம். தரம் 3க்கு ஒரு இளம் டீச்சர், அதே தோட்டத்துப் பிள்ளை. 6,000 ரூபாக் கொடுப்பனவில் ஆசிரியர் உதவியாளர் எடுத்தார்களே, அந்தக் கூட்டத்தில் வந்தவள். ஒரு சி.ஆர். கொப்பியில் பிள்ளைக்கு ஒரு பக்கம் ஒதுக்கியிருந்தாள். வெள்ளிக்கிழமை தோறும் ஒவ்வொருவராக விறாந்தைக்குக் கூப்பிட்டு நாலு வரி வாசிக்கச் சொல்வாள். எழுத்து தெரிகிறதா, சொல்லாகச் சேர்க்கிறதா, வசனமாக ஓடுகிறதா என்று மூன்றே அடையாளம். ஆரம்பப் பிரிவுக்கு அத்தியாவசியக் கற்றல் தேர்ச்சிகள் என்று வைத்திருக்கிறார்களே, அதில் ஒரு துண்டுதான். மற்றவர்கள் வருசக் கடைசியில் ஒரே மூச்சில் சரி போட்டுத் தள்ளும் படிவத்தை இவள் கிழமைக்குக் கிழமை உண்மையாக நிரப்பினாள்.

பிறகு அந்தப் பக்கங்களை வரவு இடாப்போடு வைத்துப் பார்த்திருக்கிறாள். வாசிக்கத் தடுமாறும் பிள்ளைகளில் முக்கால்வாசிப் பேர் மேற்பிரிவு, அதாவது தோட்டத்தின் மேல்பக்கத்து லயங்களில் இருந்து வருகிறவர்கள். வரவில் குறையில்லை, இடாப்பில் எல்லாம் சரி. நடந்தது என்னவென்றால், மேலேயிருந்து குறுக்குப் பாதையில் நடந்து வருகிற பிள்ளைகள் மழை நாளில் நனைந்து, முதல் பாடம் பாதி போன பிறகுதான் வகுப்புக்குள் வருகிறார்கள். முதல் பாடம் தமிழ், இரண்டாவது கணிதம். காலையில் மூளை தெளிவாக இருக்கும் என்று நாம் எல்லாரும் அப்படித்தானே நேரசூசி போட்டோம்! அதிபர் நல்ல மனுசர். சித்திரம், பாட்டு, உடற்பயிற்சியைக் காலைக்குக் கொண்டுவந்துவிட்டு, வாசிப்பை இடைவேளைக்குப் பிறகு வைத்தார். செலவு ஒரு சதமும் இல்லை. வலயத்தின் எந்த அட்டவணையிலும் "மேற்பிரிவு, ஈரச் சட்டை" என்று ஒரு நிரல் கிடையாது.

அதனால் பெறுபேறு கூடியதா என்று கேட்காதே. அந்தப் பிள்ளைகள் சாதாரண தரத்துக்கு வர இன்னும் காலம் இருக்கிறது. கொப்பியில் "எழுத்து" என்று இருந்தவர்கள் பலர் "வசனம்" என்று மாறியதை என் கண்ணால் பார்த்தேன்.

கணித, விஞ்ஞான ஆசிரியர் பிரச்சினையைப் பற்றி எழுதப் போனால் கடிதம் முடியாது. இடமாற்றம் வாங்கிக்கொண்டு போனவரின் இடத்துக்கு ஆள் வராமல், இருக்கிற கணிதப் பெறுபேற்றை மட்டும் வருசா வருசம் ஆராய்ந்து என்ன பயன்? ஆலோசகராக நான் போய் உட்கார்ந்த பாடசாலைகள் சிலவற்றில் ஆலோசனை கேட்க ஆளே இல்லை. நானே சோக்கை எடுத்துப் படிப்பித்துவிட்டு வந்திருக்கிறேன். சிவப்பு வரியில் நிற்கிற பாடசாலைக்கு முதலில் ஆசிரியரை அனுப்பு, பிறகு அதிபரை எழும்பி நிற்கச் சொல் என்று ஒரு கூட்டத்தில் கேட்டே விட்டேன். தேநீர் இடைவேளை என்று அறிவித்துவிட்டார்கள்.

என் கையில் இருந்தால் ஒரே ஒரு அட்டவணை போடுவேன் மச்சான். இந்த வருசம் தரம் 1இல் சேர்ந்த பிள்ளைகளின் பெயர்களை எழுதி, அதே பெயர்களைத் தரம் 11 வரை விடாமல் பின்தொடர்வது. யார் தரம் 3இல் வாசிக்கிறார்கள், யார் எந்த வகுப்பில் காணாமல் போனார்கள், எங்கே போனார்கள். டவுனுக்குப் போனவர்களும் அந்தப் பட்டியலிலேயே இருக்க வேண்டும். பாடசாலைக்குப் பாடசாலை ஒப்பிடுவதை அதற்குப் பிறகு யோசிக்கலாம். அந்த டீச்சரும் அதிபரும் இதைத் தொடங்கலாம் என்கிறார்கள். படிவம் போட்டுத் தருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறேன்.

அதற்கு உன் உதவி வேண்டும். பேத்தியின் முன்னேற்ற அறிக்கையில், புள்ளிக்குப் பக்கத்தில் பிள்ளையின் படிப்புப் பழக்கத்தைப் பற்றியும் டீச்சர் எழுதுகிறார் என்றாயே, அந்தப் பக்கத்தைப் போட்டோ பிடித்து வட்ஸ்அப்பில் அனுப்பு. பெயரை மறைத்துவிடு. இங்கிலீஷில் இருந்தால் பரவாயில்லை, நான் பார்த்துக்கொள்வேன். ஆடியில் வருவதாக எழுதியிருக்கிறாய். வரும்போது குளிர்ச் சட்டை கொண்டுவா, கனடாவிலிருந்து வருகிறவன்தானே என்று சும்மா வந்துவிடாதே. அண்ணிக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் அன்பைச் சொல்லு.

உன்
பழைய அறைக்கூட்டாளி